முள் தடுப்பு

மலைக்குக் கீழே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு நிலத்தில் சின்ன மடம் ஒன்று இருந்தது. மடத்தை நடத்தியவர் சிவகாமவல்லி அம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சொர்ணம், அம்மையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அதனால் குரு சீடரை "அக்கா" என்பார். சீடர் குருவை "தாயே" என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

சொர்ணத்துக்கு ஒரே மகள், பூரணி. கட்டிக்கொடுத்து வடக்கே போனவள். முதலில் தினமும் போன் பண்ணினாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு நல்ல நாள், பெரிய நாளுக்கு. போன தீபாவளிக்கு அதுவும் இல்லை. இவளாகக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த 'அப்புறத்தை'த்தான் சொர்ணம் போனோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள்.

போன் அடிக்கும். ஈரக்கையைத் துடைக்காமலே எடுப்பாள். சிலிண்டர்காரராக இருக்கும். இல்லையென்றால், "லோன் வேணுமா மேடம்?" என்று எங்கிருந்தோ ஒரு பெண் கேட்பாள். குரல் இளசாக இருந்தால் சொர்ணம் உடனே வைக்க மாட்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும், போனை அணைத்து அம்மையின் முன்னால் வைத்தாள்.

"இதை உங்க பெட்டியில போட்டுப் பூட்டிருங்க தாயே."

"ஏன் அக்கா?"

"அடிச்சாலும் கிழிக்குது, அடிக்கலைன்னாலும் கிழிக்குது. ஆசை வந்து மனசைக் கிழிக்காம இருக்க என்ன வழி? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மை போனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"மழைக்கு முன்னாடி மேற்குக் காட்டைத் திருத்தணுமே அக்கா. உளுந்து போடலைன்னா மார்கழிக்கு வர்ற சனத்துக்கு என்னத்தைப் பொங்கிப் போடறது?"

கேட்டதற்கு இது பதிலா, வேறு பேச்சா என்று சொர்ணத்துக்கு விளங்கவில்லை. எழுந்து போனாள்.

மடத்தில் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவள் சொர்ணம் ஒருத்திதான். கணவர் இருந்த காலத்தில் சொந்த வயலில் அவர் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டது. மேற்குக் காடு முழுக்கச் சீமைக்கருவேலம். புதருக்குள் டிராக்டரின் முகத்தை நுழைத்துத்தான் தூருக்குச் சங்கிலி போட முடியும். முதல் நாளே ஒரு முள் ரேடியேட்டரில் ஏறிவிட்டது. என்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீரெல்லாம் ஒழுகி மண்ணுக்குப் போனது.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் ஓட்டையை அடைத்தார். "முன்னாடி எதையாவது கட்டுங்கம்மா. இன்னொரு தடவை குத்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் காலொடிந்த இரும்புக் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் தலைமாட்டை, கம்பிகளோடு, அப்படியே கழற்றினாள். டிராக்டரின் முகத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எண்ணெய்த் தகரங்களை வெட்டி விரித்து, மேலிருந்து கீழ்வரை போர்த்தி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினாள். ஒரு முள் நுனிகூட நுழைய இடம் வைக்கவில்லை.

மடத்துச் சமையல்காரர் பிச்சாண்டி கரண்டியோடு வந்து பார்த்தார்.

"என்னக்கா இது, டிராக்டருக்கு முக்காடு போட்டிருக்கே? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"உம்ம ரசத்துக்குப் பயந்து மூடியிருக்கேன். போய் அடுப்பைப் பாரும்."

தகரம் வேலை செய்தது. கிளைகள் டங் டங்கென்று மோதித் திரும்பின. எத்தனையோ நாளைக்குப் பிறகு சொர்ணத்தின் முகத்தில் ஒரு தெளிச்சல். எதுவும் உள்ளே வராது. எதுவுமே வராது.

நாலைந்து தூர் பிடுங்குவதற்குள் டிராக்டர் கொதித்துவிட்டது. ஆவி சீறியது. ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினாள். மறுபடி கொதித்தது. சாயங்காலம் வரை அதே கதைதான். மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மை வரப்பில் நடந்து வந்தார்.

"ஏன் அக்கா நின்னுட்டீங்க?"

"கொதிக்குது தாயே."

"முள் குத்திருச்சா?"

"ஒண்ணுகூடக் குத்தலை. ஒரு கீறல்கூட இல்லை, நீங்களே பாருங்க."

"பிறகு ஏன் கொதிக்குது?"

சொர்ணம் குனிந்து தகரத்தைத் தடவிப் பார்த்தாள். அம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிராக்டர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். கட்டுக்கம்பியைக் குறடால் ஒவ்வொன்றாக வெட்டினார். தகரம் கையில் பட்டு ரத்தம் துளிர்த்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்ததை வெட்டினார். தகரம் முழுதும் கீழே விழுந்ததும் காற்று உள்ளே போனது. பிறகு கீரைப் பாத்தியைச் சுற்றியிருந்த கம்பி வலையில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி, கட்டில் கம்பிகளுக்குப் பின்னால் வைத்துக் கட்டினார்.

"தாயே, இதுல ஓட்டை ஓட்டையா இருக்கே. சின்ன முள் உள்ள வரும்."

"வரும்."

"வந்தா?"

"பெரிய கிளை வராது."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி கொதிக்காமல் ஓடியது. மழைக்கு முன் காடு திருந்தியது. ஒவ்வொரு நாளும் விளக்கேற்றுவதற்கு முன்னால் சொர்ணம் டிராக்டரின் முன்னால் குந்தி, வலையில் சிக்கிய முட்களையும் சருகுகளையும் பிடுங்கிப் போட்டாள். உள்ளே ஏறியிருந்த ஒன்றிரண்டை ரேடியேட்டர் தகடு நசுங்காமல் மெல்ல உருவினாள். விரலில் குத்தும். பிடுங்கிவிட்டு எழுந்தால் மறுநாளைக்கு வண்டி தயார்.

உளுந்து விதைத்த அன்றைக்கே முதல் மழை பெய்தது. சொர்ணம் நனைந்தபடியே வந்து அம்மையின் எதிரில் நின்றாள்.

"தாயே, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலை."

அம்மை பெட்டியைத் திறந்து போனை எடுத்து நீட்டினார். அதன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. சார்ஜ் நிறைந்திருந்தது.

"நான் அணைச்சுல்ல குடுத்தேன்?"

"நான் போட்டு வெச்சேன். தினமும் சார்ஜ் ஏத்தினேன்."

சொர்ணம் போனை வாங்கிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"பூரணி கூப்பிட்டாளா?"

"இல்லை அக்கா."

வெளியே மழைச் சத்தம் கூடியது.

"வேற யாரு?"

"சிலிண்டர்காரர் கூப்பிட்டார். லோன் பொண்ணு ரெண்டு தடவை கூப்பிட்டா. மேடம் ஏன் சாப்பிட்டியான்னு கேட்கலைன்னு கேட்டா."

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. போனை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் இடுப்பில் செருகாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை மறுபடி செருகிக்கிட்டு நடந்தா, மறுபடி குத்துமே தாயே. இன்னைக்கும் அவ கூப்பிடலைன்னா?"

அம்மை தன் கையிலிருந்த தகரக் காயத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, விளக்கு மாடத்தில் திரி போட்டுக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலம் ஆனா நம்ம முள்ளைப் பிடுங்கத்தானே உட்காரப் போறோம் அக்கா. சேர்ந்தே உட்காருவோம்."