தூம்புக்கல்லின் அடியில்

ஒரு விடுகதை போடுகிறேன். யோசித்துக்கொண்டே கதைக்குள் வாருங்கள்.

ஆனி மாதத்தில் ஆடு மாடுகூட அதன்மேல் நடக்கும். கார்த்திகை மாதத்தில் யார் கண்ணுக்கும் அது தெரியாது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை. இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது என்ன?

தெரியாவிட்டால் பரவாயில்லை. நெடுங்கரையில் ஒரு பெண் விடை சொல்லுவாள்.

நெடுங்கரையில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் மதகைத் திறப்பதும் அடைப்பதும் மாசிலாமணியின் வேலை. அவருடைய அப்பாவும் அந்த வேலையைத்தான் பார்த்தார். ஏரியின் தென்கோடியில், இலுப்பை மரங்களுக்குக் கீழே ஒரு குடில் இருந்தது. அங்கே இருந்த துறவியை ஊரார் குடிலம்மா என்று அழைத்தார்கள். மாசிலாமணி பன்னிரண்டு வருஷமாக அவருடைய சீடர். வெள்ளிக்கிழமைதோறும் போவார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஒரு கேள்வி கேட்பார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கலாம். இரண்டாவது கேள்வி கேட்டால் அம்மா மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை மாசிலாமணி ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். கீழே வைத்தபோது அது கலகலத்தது. அம்மா கத்தரிச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

"என்ன மணி, கண்ணாடிக் கடையா வைக்கப் போகிறாய்?"

மாசிலாமணி விஷயத்தைச் சொன்னார். ஏரிக்குள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தூம்புக்கல் நிற்கிறது. இரண்டு உயரமான கல்தூண்கள், அவற்றின் தலையில் ஒரு குறுக்குக் கல். அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். கரையில் இரும்பு மதகு வந்த பிறகு தூம்பை அடைத்தாயிற்று. கல் மட்டும் சும்மா நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சும்மா நிற்க விடுவதில்லை. ஏரி நிரம்பியதும் நீந்திப் போய், குறுக்குக் கல்லில் ஏறி, அங்கிருந்து குதிப்பார்கள். திட்டிப் பார்த்தாயிற்று. அடித்தும் பார்த்தாயிற்று. போன கார்த்திகையில் வரதன் என்ற பையன் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். அவனைத் தினமும் பார்த்தும் மற்றவர்களுக்குப் புத்தி வரவில்லை.

"நேற்று என் மகளே அதன்மேல் நிற்கிறாள், அம்மா. ஏரி வறண்டு கிடக்கிறது. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். இறங்கு என்றேன். இறங்கி வந்தாள். 'தண்ணீர் வரட்டும் அப்பா' என்றாள். அவ்வளவுதான்."

செங்கமலத்துக்குப் பதின்மூன்று வயது. ஒரே மகள். சொன்னால் செய்கிறவள். அவருடைய பயமே அதுதான்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். குறுக்குக் கல்லின்மேல் சிமெண்ட் பூசி, கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துவிடுவது. சில்லு வீடு வீடாகச் சேர்த்தாயிற்று. பதிக்கிற பொறுப்பு மாசிலாமணியுடையது.

"சரி, கேள்வி என்ன?" என்றார் அம்மா.

"பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? கால் முறியும் என்று தெரிந்தும் ஏன் குதிக்கிறார்கள்?"

அம்மா பூச்சி அரித்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"குறுக்குக் கல்லில் நின்றால் என்ன தெரியும்?"

"கிழக்கே புளியந்தோப்புக்கு அப்பால் ரயில் பாலம் தெரியும்" என்றார் மாசிலாமணி.

"கரையில் நின்றால்?"

"தெரியாது. தோப்பு மறைக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

"எத்தனை வயதில்?"

"பதினாலு."

"ஏன் குதித்தாய்?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கூட இருந்த பையன்களைத் தவிர, குதித்ததே யாருக்கும் தெரியாதபோது யார் கேட்பார்கள்?

"அதுவரைக்கும் நான் மதகுக்காரர் மகன், அம்மா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது பையன்கள் எல்லாம் 'மாசிலாமணி, மாசிலாமணி' என்று கத்தினார்கள்."

"மகளிடம் இதைச் சொன்னாயா?"

"எப்படிச் சொல்வது? சொன்னால் நீயும் குதி என்று சொன்னதாகிவிடாதா?"

"இது இரண்டாவது கேள்வி" என்று அம்மா எழுந்தார். மண்வெட்டியை எடுத்து நீட்டினார். வேலியோரமாக இடுப்பளவுக்குக் குழி தோண்டிச் சில்லு முழுவதையும் புதைக்கச் சொன்னார். சாக்கு மட்டும் தனக்கு வேண்டுமாம்.

பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மூன்றாவது கேள்வி மாசிலாமணியின் நாக்கு நுனிவரை வந்தது. மண்வெட்டியைப் பார்த்தார். கேள்வியை விழுங்கிக்கொண்டு தோண்டினார்.

குழியை மூடிவிட்டு அவர் கை கழுவும்போது அம்மா கேட்டார்.

"வரதன் கால் எதில் பட்டது?"

"தெரியவில்லை, அம்மா."

"அவனைக் கேட்கவில்லையா?"

"ஊரே கேட்டது. ஏன்டா குதித்தாய் என்று."

"நான் கேட்டது அதையா?"

மாசிலாமணி ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"அவனிடம் போய்க் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குள் வா. நானும் வருகிறேன்."

மாசிலாமணி நேராக வரதன் வீட்டுக்குப் போனார். வாசலில் அவரைக் கண்டதும் பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எட்டு மாதமாக அவன் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. மாசிலாமணி திட்டவில்லை. கால் எதில் பட்டது என்று மட்டும் கேட்டார்.

வரதன் நிமிர்ந்து பார்த்தான்.

"கல்லில், மாமா. கூர்க்கல். அங்கே கல் இருந்ததே இல்லை. அதற்கு முந்தின வருஷம் குதித்தபோது வெறும் சேறுதான்."

மாசிலாமணி வேறெதுவும் கேட்காமல் திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவர் பின்னால் கரையிறங்கினார்கள். கோடையிலும் தூம்புக்கல் பக்கம் போனால் அடி விழும் என்பதால், அந்தப் பக்கத்தை யாரும் சரியாகப் பார்த்தது கிடையாது. அன்று மேலே ஏறிய செங்கமலமும் கிழக்கே பாலத்தைத்தான் பார்த்தாள், கீழே பார்க்கவில்லை. ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடிலம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நடந்துகொண்டே ஒரு விடுகதை போட்டார். நான் உங்களுக்குப் போட்டேனே, அதே விடுகதைதான்.

"ஏரித்தரை" என்றாள் செங்கமலம். "இப்போது நாம் நடக்கிற தரை."

அம்மா தலையை ஆட்டினார்.

தூம்புக்கல்லை அடைந்தார்கள். அதன் கிழக்குப் பக்கத்தில் கற்கள் இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்திருந்தன. அடியில் மக்கிக் கறுத்த முள் குச்சிகள். கற்களில் அங்கங்கே சுண்ணாம்பு அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. வரதன் விந்திக்கொண்டு போய்க் குவியலின் மேல் கையை வைத்தான்.

"இதுதான்."

"இதை யார் இங்கே கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டாள் செங்கமலம்.

மாசிலாமணிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. போன வருஷம் ஆனி மாதம். பிள்ளைகள் ஏறக்கூடாது என்று, அவர்கள் ஏறுகிற கிழக்குப் பக்கத்தில் முள் வெட்டிப் போட்டார். தண்ணீர் வந்தால் முள் மிதந்து போய்விடுமே என்று அதன்மேல் நாலு வண்டிக் கல் ஏற்றினார். வீடு கட்டுகிறவர்கள் தூக்கிப் போகாமல் இருக்க ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்பு வைத்தார். இனி ஒருத்தனும் ஏற மாட்டான் என்று பெரியவர்கள் மெச்சினார்கள். மழை வந்தது. ஏரி நிரம்பியது. முள்ளும் கல்லும் தண்ணீருக்குள் போயின.

யார் போட்டது என்று தெரியாது என்று சொல்லிவிடலாம். வெள்ளம் உருட்டி வந்தது என்றும் சொல்லலாம். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தொலைவில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார் மாசிலாமணி. வரதன் பக்கம் திரும்பினார். "உங்களை ஏற விடக்கூடாது என்று போட்டேன். தண்ணீர் வந்தால் இது கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கால் என்னால் போனது."

வரதன் ஒரு கல்லைக் காலால் நெம்பினான்.

"நாங்கள் ஏறுவது தண்ணீர் வந்த பிறகுதானே, மாமா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

பின்னாலிருந்து ஒரு பொடியன், மாமா நமக்கு வேலி போட்டார், மீனுக்கு வீடு கிடைத்தது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். மாசிலாமணி சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கு மூச்சு இலகுவாக வந்தது. அந்த மூச்சிலேயே மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

"பதினாலு வயதில் நானும் இங்கிருந்து குதித்தேன்."

மகள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்படுவாள் என்றுகூட எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"எந்தப் பக்கம்?"

"கிழக்கே. இந்தப் பக்கம்தான்."

"தண்ணீர் எவ்வளவு இருந்தது?"

தூணில் ஆள் உயரத்துக்கும் மேலே உளிவெட்டு ஒன்று இருந்தது. மாசிலாமணி கையை உயர்த்தி அதைக் காட்டினார்.

"அந்த வெட்டு தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெட்டு வெளியே தெரிந்தால் எங்களில் ஒருத்தனும் குதிக்க மாட்டான். மேற்குப் பக்கம் எப்போதும் குதிக்கக் கூடாது. அங்கே தூம்பின் பழைய படி இருக்கிறது."

"இதை ஏன் அப்பா இத்தனை நாள் சொல்லவில்லை?"

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா இன்னும் கொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லை அப்புறப்படுத்த நாலு நாள் ஆயிற்று. மாசிலாமணி வண்டி கட்டினார், பிள்ளைகள் சுமந்தார்கள். கூர்க்கல் ஒவ்வொன்றையும் வரதன் எண்ணிச் சொன்னான். கல் போன பிறகு செங்கமலம் தரை முழுவதையும் காலால் மிதித்துப் பார்த்தாள். ஒரு மூங்கில் கழியால் வெட்டின் உயரத்தை அளந்தாள். வெட்டு சின்னது, தூரத்திலிருந்து தெரியாது என்றாள். மதகுக்குப் பூசிய சிவப்புப் பெயிண்ட் மிச்சமிருந்தது. அதை வாங்கி, வெட்டை ஒட்டித் தூணைச் சுற்றி அவளே கோடு இழுத்தாள்.

பெரியவர்கள் கரையில் வந்து நின்று பார்த்தார்கள். கண்ணாடி பதிக்கச் சொன்னால் இவன் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறான் என்றார் ஒருவர். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றார் இன்னொருவர். போன வருஷமும் நான்தான் பொறுப்பு, அது எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்றார் மாசிலாமணி.

அடுத்த வெள்ளிக்கிழமை குடிலுக்குப் போனார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். சில்லைப் புதைத்த இடத்தில் அம்மா பூசணி விதை போட்டிருந்தார். அதற்கும் ஒரு குவளை ஊற்றினார். பிறகு உட்கார்ந்தார்.

"கல்லை எடுத்தாயிற்று, அம்மா. கோடும் போட்டாயிற்று. குதி என்றும் நான் சொல்லவில்லை, குதிக்காதே என்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஏறத்தான் போகிறாள். அந்த நாளில் நான் எங்கே நிற்பது? கரையில் நின்றால் கத்திவிடுவேன். வீட்டில் இருந்தால் செத்துவிடுவேன்."

"உனக்கு நீந்தத் தெரியும்தானே?" என்றார் அம்மா.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நாளுக்கு நாள் ஏறியது. ஒரு காலையில் வானம் வெளிவாங்கியதும் பிள்ளைகள் நீந்திப் போனார்கள். செங்கமலம் முதலில் குறுக்குக் கல்லில் ஏறினாள். இரண்டு கையையும் விரித்தாள்.

மாசிலாமணி ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார். வாழைத்தண்டு ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தூணிலிருந்து நாற்பது முழ தூரத்தில், கிழக்குப் பக்கமாக மிதந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

ஒரு சாண்தானே என்று பையன்கள் கூவினார்கள். கோடு போட்டவளுக்கே கோட்டைக் கண்டு பயம் என்றான் ஒருவன். பொடியன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தான். மாசிலாமணியின் வாய்வரை நூறு வார்த்தைகள் வந்தன. அவர் கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் கிழக்கே ரயில் பாலத்தைப் பார்த்தாள். குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நீந்திக் கரைக்குப் போனாள்.

எட்டாம் நாள் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அன்று அவள் கிழக்குப் பக்கமாகக் குதித்தாள்.