சொந்த வீட்டில் விழாதவன்

"நூத்திப் பன்னிரண்டு எபிசோடு ஆச்சு மேடம். ஊரார் வீட்டுக் கண்ணீரையெல்லாம் முகில் துடைச்சிட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் சொந்த வீட்டுல போய் விழக்கூடாதா?"

கேட்டவர் பூவராகன். வசனம் எழுதுகிறவர், வயது ஐம்பத்தாறு.

"கூடாது அண்ணாச்சி."

சொன்னவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. தொடரின் கதை முழுக்க அவள் பொறுப்பு. அவரைவிட இருபது வயது சின்னவள்தான். ஆனாலும் இந்தத் தொழிலில் அவருக்கு அவள்தான் குரு, அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கமும் இல்லை. மேடை நாடகத்தில் முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த அடுக்குமொழிக் குப்பையை ஆறே மாதத்தில் பெருக்கித் தள்ளிவிட்டாளே!

தொடரின் பெயர் 'தேதி தவறியவன்'.

முகில் என்று ஒருத்தன். பாவம், அவன் கேட்காமலே காலம் அவனைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடும். விழுந்ததும் சுவரில் காலண்டரைத் தேடுவான். இது என்ன வருஷம் என்று மறந்தும் யாரையும் கேட்கமாட்டான். அங்கே யாருக்கோ ஒரு கஷ்டம் இருக்கும். தீர்த்துவைப்பான். அவர்கள் பதிலுக்கு வாய் திறப்பதற்குள் காலம் அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். தன் சொந்த வாழ்க்கைக்குள் மட்டும் விழவே மாட்டான்.

இதெல்லாம் விதி. பார்க்கிறவர்களுக்கும் அத்துப்படி. அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டே பார்ப்பதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு சுகம்.

பூவராகன் விடவில்லை. அந்தக் காட்சியை எழுதிக் கொண்டுபோனார். ஜெசிந்தா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மாற்றி எழுதிக் கொண்டுபோனார். திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் முறை அவள் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"யார் அண்ணாச்சி இந்த அண்ணன்?"

காட்சி இதுதான். முகில் பதினோரு வருஷம் பின்னால் போய் ஒரு கல்யாணப் பந்தலில் விழுகிறான். அங்கேதான் அவன் அத்தனை பேர் முன்னாலும் தன் அண்ணனைப் பார்த்து, "நீ எனக்கு அண்ணனே இல்லை" என்று சொல்லியிருந்தான். இப்போது மன்னிப்புக் கேட்கிறான். அண்ணன் கட்டிக்கொள்கிறான்.

பூவராகனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கோவிந்தராசுன்னு பேரு. என் கூடப்பிறந்தவரு. ஸ்ரீமுஷ்ணத்துல இருக்காரு. அப்பா போனப்புறம் என்னை வளர்த்து ஆளாக்கினதே அவர்தான்."

"பந்தல்ல என்ன நடந்துச்சு?"

"அவர் பொண்ணு கல்யாணம். பத்திரிகையில என் பேரை விட்டுட்டாங்க. அச்சடிச்சவன் தப்பு. அது தெரியாம நான் குதிச்சேன்."

"அதுக்கப்புறம்?"

"பேச்சே இல்ல."

பூவராகன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "இந்த ஒரு காட்சியை எடுத்துட்டா போதும் மேடம், என் நெஞ்சு ஆறிடும். அவர் டிவி பார்ப்பாரு. பார்த்தா புரிஞ்சுக்குவாரு."

ஜெசிந்தா காகிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"சரி, எடுத்துருவோம். ஆனா அன்னைக்கு ப்ராம்ப்டிங் நீங்கதான்."

தொடர்களில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. அதற்கெல்லாம் ஏது நேரம்? கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வரிவரியாகப் படிப்பார். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது மாதிரி, உணர்ச்சியே இல்லாமல். நடிகர் அதைக் காதில் வாங்கி, அழுகையோடோ ஆத்திரத்தோடோ திருப்பிச் சொல்வார். படித்தவரின் குரல் டப்பிங்கில் காணாமல் போய்விடும். அதுதான் ப்ராம்ப்டிங்.

இது ஒரு வேலையா என்று நினைத்தார் பூவராகன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலையில் பந்தல் தயாராக இருந்தது. வாழை மரம், சீரியல் பல்பு, பட்டுப்புடவையில் துணை நடிகைகள். எப்படியும் நாற்பது பேர் தேறும்.

"ஆக்‌ஷன்!"

"அண்ணே, என்னைத் தெரியுதா?" பூவராகன் படித்தார்.

"அண்ணே... என்னைத் தெரியுதா?" முகில் கண்கலங்கினான்.

"அன்னைக்கு இந்தப் பந்தல்ல புத்திகெட்டுப் பேசிட்டேன்."

முகில் அதையும் சொன்னான். அருமையாகச் சொன்னான்.

அடுத்த வரி, 'என்னை மன்னிச்சிடுங்கண்ணே'. எழுதும்போது அரை நிமிஷம் ஆகவில்லை. இப்போது படிக்க வாய் வரவில்லை.

முகில் கையைக் கூப்பியபடி நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"ப்ராம்ப்ட்!" இயக்குநர் கத்தினார். "யோவ், தூங்கிட்டீங்களா?"

பூவராகன் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது.

"கட்!"

அண்ணனாக நடித்தவர் நல்ல மனுஷர். "பரவாயில்ல சார். அந்த வரி அப்புறம் வரட்டும். எனக்கு என்ன வரி, அதைச் சொல்லுங்க."

"போனது போகட்டும்டா தம்பி. வா, என் பக்கத்துல உட்காரு."

பூவராகனுக்கு இது மட்டும் மடமடவென்று வந்தது.

ஜெசிந்தா மானிட்டரை விட்டு எழுந்து வந்தாள்.

"இது உங்க அண்ணன் சொன்னதா அண்ணாச்சி?"

"இல்ல மேடம். நான் எழுதினது."

"அவர் என்ன சொல்வாரு?"

பூவராகன் யோசித்தார். எத்தனையோ பாத்திரங்களுக்கு வசனம் எழுதியவர்.

"தெரியல மேடம்."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நாற்காலியில் கிடந்த அவருடைய போனை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் அஞ்சு நிமிஷம் அமைதியா இருங்க," என்றாள்.

'அண்ணன்' என்ற பெயரில் அந்த நம்பர் இன்னும் இருந்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

குரலில் கிழடு தட்டியிருந்தது.

"அண்ணே, நான் பூவராகன்."

ஒருவர் காதிலும் விழக்கூடாதென்று வாழை மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். படிக்க வராத அந்த வரியையும் கிசுகிசுவென்று சொல்லி முடித்தார். தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார்.

"யாருப்பா அது? எனக்கு இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்ல. டிவியில வாயசைக்கிறதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். சத்தமா சொல்லு."

பூவராகன் திரும்பினார். பந்தலில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தமாகச் சொன்னார்.