மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு

“டீச்சர், யாருமே படிக்க மாட்டேங்கறாங்க.”

குழந்தைவேலு வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெபமலர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உள்ள வாங்கண்ணா. உட்காருங்க.”

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. ஆகவே சீடர் குருவை டீச்சர் என்பார், குரு சீடரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

குழந்தைவேலு கோயம்புத்தூரில் கீசர் செய்து விற்கிறவர். ஜெபமலர் பதினைந்து வருஷம் வானொலியில் விளம்பரம் எழுதிக் குரலும் கொடுத்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்து குடியேறியவர். வியாபாரிகள் மலையேறி வந்து அவரிடம் பேசக் கற்றுக்கொண்டு போனார்கள். வாயில்லாதவர்களா என்ன? எல்லாரும் பேசியே பிழைக்கிறவர்கள்தான். அதனாலேயே அவர்களுக்குப் பாடம் சிரமமாக இருந்தது.

பாடமும் பெரிய பாடம் இல்லை. ஜெபமலர் ஏதாவது கைவேலையாக இருப்பார். வந்தவர் தன் விளம்பரத்தைப் படிக்க வேண்டும். கை நின்றால் விளம்பரம் தேறியது. நிற்காவிட்டால் திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வர வேண்டும்.

குழந்தைவேலு ஏழு முறை மலையேறிய பிறகு ஒரே ஒரு தடவை அந்தக் கை நின்றது. அன்று தேறிய வரியை வைத்துத்தான் அவருடைய ‘இளஞ்சூடு’ கீசர் நீலகிரி முழுக்க விற்றது.

இன்றைக்கும் அந்தக் கை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏதாவது ஒரு வீட்டில் ஓர் உயிர் போய்விடும்.

“என்னண்ணா ஆச்சு?”

“போன கார்த்திகையில செஞ்ச கீசர்ல தப்பு நடந்துபோச்சுங்க. உள்ள போற ஒயர் மட்டமான சரக்கு. சூடு ஏற ஏற மேல்தோல் உருகிடுது. அப்புறம் தண்ணியிலயே கரண்ட் எறங்குதுங்க.”

“யாருக்காச்சும்…?”

“குன்னூர்ல ஒரு அம்மா. குழாயத் தொறந்ததும் தூக்கி வீசிருச்சு. உயிர் இருக்குதுங்க. மூணு விரல் கருகிருச்சு.”

பட்டாணி உரித்த கை நின்றது. இருந்த பதற்றத்தில் குழந்தைவேலு அதைப் பார்க்கவில்லை.

“எத்தனை வீட்டுல இருக்கு?”

“நூத்தி எண்பத்தாறுங்க. அத்தனையும் மலையிலதான். எல்லாருக்கும் முந்தாநேத்தே வாட்ஸ்அப் போட்டாச்சு. முப்பத்தொரு பேர்தான் தொறந்தே பாத்திருக்காங்க.”

“தொறந்தவங்க என்ன சொன்னாங்க?”

அவர் போனை நீட்டினார். ஒன்பது பேர் கும்பிட்ட கை அனுப்பியிருந்தார்கள். நான்கு பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். ஊட்டியிலிருந்து ஒருவர், ‘பழசைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் உண்டா?’ என்று கேட்டிருந்தார்.

ஜெபமலர் விரலால் தள்ளி, அதற்கு முன் போன செய்திகளைப் பார்த்தார்.

‘அவசரம்! அவசரம்! இன்றே கடைசி நாள்!’

அதற்கு முதல் நாளும் கடைசி நாள். அதற்கு முந்தின நாளும் அப்படியே. கார்த்திகையில் மட்டும் பத்தொன்பது கடைசி நாள் வந்திருந்தது.

“முந்தாநேத்துப் போட்டதுலயும் அவசரம்னு போட்டிருக்கீங்களா?”

“போட்டனுங்க.”

“சரி. போன்ல கூப்பிடலையா?”

“மெஷின் கால் விட்டனுங்க. பதிவு பண்ணின குரலுன்னு தெரிஞ்சதும் கட் பண்ணிடறாங்க.”

“நீங்க?”

குழந்தைவேலு தரையைப் பார்த்தார்.

“வக்கீல் வேண்டாம்னுட்டாருங்க. என் வாயால தப்புன்னு ஒரு வார்த்தை வந்தா, அதைப் பதிவு பண்ணிக் கோர்ட்டுல போட்டுருவாங்களாம். இருபது வருஷத்துக் கம்பெனிங்க. நீங்கதான் எழுதித் தரணும். ஜனங்க கீசரைத் தொடவும் கூடாது, நம்ம பேரு கெடவும் கூடாது. ரெண்டும் ஒரே மெசேஜுல வரணுமுங்க.”

“இப்ப போட்டதைப் படிங்க. கேக்கறேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“‘இளஞ்சூடு’ குடும்பத்தின் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு அன்பு வணக்கம். தங்கள் குளியல் அனுபவத்தை மேலும் சிறப்பாக்கும் எங்கள் தொடர் முயற்சியின் ஒரு பகுதியாக, குறிப்பிட்ட சில கீசர்களில் சிறிய தொழில்நுட்ப மேம்பாடு செய்யப்பட உள்ளது. அதுவரை பயன்பாட்டைத் தவிர்ப்பது நலம்.”

பட்டாணி ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது.

“இன்னொரு தடவை.”

அவர் ‘தவிர்ப்பது நலம்’ என்பதை ‘தவிர்க்கவும்’ என்று மாற்றிப் படித்தார். கை அது பாட்டுக்கு உரித்தது.

மூன்றாவது தடவை ‘அன்புடன் தவிர்க்கவும்’ என்று படித்தார். எதற்கு அன்பைச் சேர்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கை நிற்கவில்லை. கிண்ணம்தான் நிறைந்தது.

சுவர்க் கடிகாரத்தில் காலை மணி ஆறே முக்கால். வெளியே பனி இறங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடமும் ஆபீசும் உள்ள நாள். இந்த நேரத்தில்தான் மலையே குளிக்கப் போகும். இரண்டு நாளாகவே குழந்தைவேலுவால் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. வீட்டில் மருமகள் பாத்திரம் கழுவினால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

“உங்களுக்கு என்னண்ணா பயம்?”

“யாராச்சும் செத்துருவாங்களோன்னுதாங்க.”

“அது இதுல எங்க இருக்கு?”

அவர் போனைப் பார்த்தார். வரி வரியாகத் தேடினார்.

“வக்கீல் எடுத்துட்டாருங்க,” என்றார் மெதுவாக.

ஜெபமலர் மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“நீங்க உட்காந்திருங்க. குளிச்சுட்டு வந்து எழுதித் தர்றேன்.”

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

குழந்தைவேலுவுக்கு மூச்சு வந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் மாறமாட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே டக் என்று ஒரு சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது.

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று துடைத்த கை நின்றது.

கார்த்திகை.

இந்த வீட்டுக்குக் கார்த்திகையில்தான் வந்தார். கையில் ஒரு பெட்டி, கூட ஒரு மெக்கானிக். ‘குளிர்ல கஷ்டப்படறீங்க டீச்சர், என் காணிக்கையா வெச்சுக்கங்க’ என்று சொல்லித் தானே நின்று மாட்டிவிட்டுப் போனார். விற்ற கணக்கில் சேராததால் அந்த வீடு லிஸ்டிலேயே இல்லை. டீச்சருக்கு அந்தச் செய்திகூடப் போகவில்லை.

உள்ளே வாளி நகர்ந்தது.

“டீச்சர்!”

அவர் ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழாயில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

“டீச்சர்! தண்ணியத் தொடாதீங்க! ஷாக் அடிக்கும்! தொட்டா செத்துருவீங்க!”

இரண்டு கையாலும் கதவை அடித்தார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“கீசரை ஆஃப் பண்ணுங்க! நான் குடுத்த கீசர்! அதுல கரண்ட் வருது! தப்பு என்னோடதுங்க, டீச்சர், நான் பண்ணின தப்பு! வெளிய வந்துருங்க! ஐயோ, யாராச்சும் வாங்களேன்!”

தண்ணீர் நின்றது.

குழந்தைவேலு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். விழுந்த சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா? சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

ஜெபமலர் நின்றுகொண்டிருந்தார். தலை நனையவில்லை. துண்டு தோளில் மடித்தது மடித்தபடி கிடந்தது. அவருக்குப் பின்னால், சுவரில், கீசரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. டக் என்று கேட்டது விளக்கு சுவிட்ச்தான்.

குழந்தைவேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீரா வேர்வையா என்று தெரியாமல் முகம் முழுக்க ஈரம். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் இப்படி அழலாமா என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜெபமலர் ஒரு சொம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதிரே அவரும் தரையில் உட்கார்ந்தார்.

“எனக்குக் கேட்டுதுங்கண்ணா.”

அவர் தலையை ஆட்டினார்.

“மத்தவங்களுக்கு?”

கடிகாரத்தில் மணி ஆறு ஐம்பத்தைந்து.

குழந்தைவேலு போனை எடுத்தார். வக்கீலிடமிருந்து இரண்டு அழைப்பு வந்து தவறியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு லிஸ்டைத் திறந்தார். முதல் பெயரைத் தொட்டார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபோது எடுத்தார்கள். ஒரு பெண் குரல். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம், குழந்தை ஒன்று சிணுங்கும் சத்தம்.

“ஹலோ, யாருங்க? பாப்பாவக் குளிப்பாட்டணும், சீக்கிரம் சொல்லுங்க.”

“அம்மா, மொதல்ல கீசரை ஆஃப் பண்ணுங்க. பாப்பாவத் தள்ளி நிறுத்துங்க. நான் யாருன்னு அப்புறம் சொல்றேன்.”