சம்பங்கி மாலையும் மூன்று கழுத்தும்

மாலை ஒன்று, கழுத்து மூன்று. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

நிலக்கோட்டையில் பூக்கட்டும் பஞ்சவர்ணத்தின் மகள் பாண்டிமீனா. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். நான்கு மாதமாக அவளுக்கு ஒரே பகை, சுவரில் இருந்த இணையப் பெட்டி. கேபிள்காரர் அருளப்பன் கொடுத்த இணைப்பு அது. தூறல் விழுந்தால் போதும், பெட்டியின் பச்சை விளக்கு சிவந்துவிடும். போன மாதம் ஒரு நேர்காணலில், கேள்வி கேட்டவரின் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்தது. அந்த வேலை அதோடு போயிற்று.

இப்போது இன்னொரு கம்பெனியில் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். புதன்கிழமை பதினொரு மணிக்கு நேர்காணல். பயந்துபோய் வேறு நிறுவனத்தில் புது இணைப்புக்குச் சொன்னாள். ஒன்பது மணிக்கே ஆள் வரும் என்றார்கள். "பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்கு முந்தி பழசு வீட்டை விட்டுப் போயிரணும்" என்றாள் அம்மா. அதைக் கேட்டு, ஒன்பதுக்கே புதுசு வந்துவிடும் என்ற நம்பிக்கையில், பதினொரு மணிக்குப் பழைய கம்பியை அறுத்துக்கொள்ளச் சொல்லி அருளப்பனிடம் பாண்டிமீனா நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று விடிந்ததே தூறலில்தான். தெருக் கம்பத்தில் ஏணி சாத்தி, தோளில் குடையை இடுக்கிக்கொண்டு, அருளப்பன் இற்றுப்போன இணைப்பைப் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"போற பிள்ளை என் லைனைக் குறை சொல்லிக்கிட்டே போகக் கூடாதுல்ல" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

"நாலு மாசமா எங்க போயிருந்துச்சு இந்த ரோஷம்?" என்ற பஞ்சவர்ணம், கையிலிருந்த சம்பங்கி மாலையை உயர்த்திக் காட்டினாள். "இன்னிக்கு எம் பிள்ளை பேச்சு அறுபடாமக் காப்பாத்துறவன் எவனோ, அவன் கழுத்துக்குத்தான் இது."

ஒன்பது போயிற்று, பத்தும் போயிற்று. புது ஆள் வரவில்லை. அறுப்பதைத் தள்ளிப்போடச் சொல்ல அருளப்பனைக் கூப்பிட்டால், அவர் செல்லை எடுக்கவில்லை. பதினொன்றுக்குத் திரையில் மூன்று முகங்கள் தெளிந்தன. பாண்டிமீனா பேசத் தொடங்கிய அதே நேரம், ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடி விளிம்பிலிருந்து இரண்டு கால்கள் தொங்கின. அருளப்பனிடம் லைன் வேலை பார்க்கும் ஒச்சப்பன், கம்பியை அறுக்கக் கட்டரோடு வந்திருந்தார்.

"அண்ணே, பிள்ளை பேசுது. பொறுத்தீங்கன்னா மாலைகூட வச்சிருக்கேன்" என்று மாடியில் அம்மாவின் குரல்.

"முதலாளி பதினொண்ணுன்னு சொல்லிட்டாரே, தாயி."

முதலாளியிடமிருந்து அவர் செல் அடித்தது. "அறுத்தாச்சுண்ணே" என்றார் ஒச்சப்பன். கால்கள் அசையவில்லை.

சற்று நேரத்தில் புது இணைப்புக்காரன் சிக்கந்தர், நனைந்த தலையோடு அறைக்குள் வந்தான். அங்கே இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். பழைய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தான். பாண்டிமீனாவால் பேச்சை நிறுத்த முடியவில்லை. பார்க்க மட்டுமே முடிந்தது. அவன் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வாசலுக்குப் போய் உட்கார்ந்தான். பதினொன்றரைக்குள் முடிக்காவிட்டால் அந்த வேலை அவன் பெயரில் ஏறாது, அதற்கான காசும் வராது. அவன் செல் மூன்று முறை முனகி ஓய்ந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் அவளுக்குக் கனவுபோல. ஜன்னலில் மழை நூல் நூலாக இறங்கியது. மாடியிலிருந்து சம்பங்கி வாசம் வந்தது. அறுக்க வந்தவர் அறுக்காமலும், பூட்ட வந்தவன் பூட்டாமலும் இருந்தார்கள். இத்தனை நாள் தொண்டையில் சிக்கிய ஆங்கிலம், யாரோ அவளுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்துகொண்டே இருந்தது. பச்சை விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை. முடிவில் மூன்று முகங்களும் சிரித்தன. திங்கட்கிழமை வேலையில் சேரலாம் என்றார்கள்.

கம்பியைச் சுருட்டிக்கொண்டு போக வந்த அருளப்பன் அண்ணாந்து பார்த்தார். "அறுத்தாச்சுன்னியேடா!"

"அறுத்திருந்தா மாலை ஏதுண்ணே?"

"உனக்கெதுக்குடா மாலை? கம்பி என்னுது. விடியக்காலம் நனைஞ்சு ஒட்டினவன் நான். ஒட்டலைன்னா இந்தத் தூறலுக்கே போயிருக்கும்."

"ஒட்டினது நீங்க, ஒத்துக்கிறேன். விட்டு வச்சது நான்தானே? பொய் சொன்ன பாவம் வேற."

சிக்கந்தருக்கு இது எதுவும் புரியவில்லை. "அக்கா, இப்ப மாத்திரலாமா?" என்று கேட்டான்.

பஞ்சவர்ணம் மாலையோடு மகளைப் பார்த்தாள். "குமரிப் பிள்ளை நீ போட வேணாம், ஊர் வேற கதை பேசும். யாருக்குன்னு மட்டும் சொல்லு, நான் போடுறேன்."

மூவரில் எவர் தவறியிருந்தாலும் பேச்சு அறுந்திருக்கும். மாலையையோ மூன்றாக அறுக்க முடியாது. அப்படியானால், அது யார் கழுத்துக்கு உரியது?

விடை: சிக்கந்தருக்கு. அருளப்பன் செய்தது, நான்கு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. ஒச்சப்பன் நல்லவர்தான், ஆனால் மாலை இருப்பது அவருக்குத் தெரியும், மேலும் அவர் பொறுத்த நேரம் முதலாளியுடையது. சிக்கந்தருக்கு மாலையும் தெரியாது, அவளையும் தெரியாது. அவன் இழந்தது தன்னுடையதை. பாண்டிமீனா அப்படித்தான் சொன்னாள். மாலையோடு அவன் கூச்சத்தில் நெளிய, புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சாயங்காலம் புது இணைப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, பதினொன்றரைக்குள் இணைப்பு கிடைத்ததா என்று கேட்டாள். பாண்டிமீனாவுக்குப் பொய் வரவில்லை. "இல்லைங்க" என்றாள். "வந்தவர் அதுக்குள்ள குடுத்திருந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்காது. அப்படியே எழுதிக்கங்க, அந்த அண்ணன் பேரையும் சேர்த்து."