எழுத்து ஏறாத கல்யாணப் படம்

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் தென்றல் நகரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதைச் செலவழிப்பதில்லை என்பதால் அப்படியே இருக்கிறது. அதிலும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசிகாமணிக்குத் தன் அறிவின்மேல் தனி நம்பிக்கை. வேறு யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சங்கத் தலைவர் பூவலிங்கத்துக்கும் பொருளாளர் கோமதிநாயகத்துக்கும் இருந்தது.

ஞானசிகாமணியின் மகன் ஒசாகாவில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு ஜப்பான் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மூட்டுவலி இவரைப் போகவிடவில்லை. மகன் கல்யாணப் படத்தை டிவிடியாக அனுப்பிவைத்தான். பெண்ணின் அப்பா ஜப்பானிய மொழியில் பேசப் பேச, திரையின் அடியில் தமிழ் எழுத்து ஓடியது. ‘என் சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்’ என்று எழுத்து வந்ததும் ஞானசிகாமணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டிவிடி பிளேயர் புகைவிட்டு அணைந்தது.

அன்றைக்கே மகன் போனில் வந்தான். “மாமா பேசினதப் பாத்தீங்களாப்பா?”

“பாத்தேன்யா. கண்ணு கலங்கிட்டு” என்று சொல்லிவிட்டார் இவர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். சங்கக் கட்டடத்தில் வரவேற்பு. கல்யாணத்தில் அவர் பேசிய பேச்சுக்கு இவர்தான் எழுந்து பதில் பேச வேண்டும். அந்த மனிதர் என்ன சொன்னார் என்றே தெரியாமல் எதற்குப் பதில் பேசுவது? பார்த்தேன் என்று சொன்ன வாயால் மகனிடம் கேட்கவும் முடியாது. ஞானசிகாமணி டிவிடியை எடுத்துக்கொண்டு பூவலிங்கத்திடம் ஓடினார்.

பூவலிங்கத்தின் லேப்டாப்பில் டிவிடி நேராக ஓடவில்லை. வீடியோ ஃபைலாக மாற்றிப் பென் டிரைவில் போட்டு டிவியில் பார்க்கலாம் என்று முடிவானது. மாற்றினார்கள். படம் வந்தது, சத்தம் வந்தது, சம்பந்தியும் வந்தார். எழுத்து மட்டும் வரவில்லை. உடனே அவசரக் கூட்டம் கூடியது.

“எழுத்து எப்பவும் அடியிலதான இருக்கும்?” என்றார் பூவலிங்கம்.

“ஆமா அண்ணாச்சி” என்றார் ஞானசிகாமணி.

“அப்ப படத்த எடுக்கும்போது அது அடியில ஒட்டிக்கிட்டு நின்னுட்டு. இட்லித் துணியில மாவு ஒட்டுதுல்லா, அது மாதிரி.”

“துணியில ஒட்டினா தண்ணி தெளிச்சுல்லா எடுக்கணும்?” என்றார் கோமதிநாயகம்.

இவ்வளவு எளிய விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று ஞானசிகாமணிக்கு வெட்கமாகப் போயிற்று. டிவிடிக்குத் தண்ணீர் தெளித்து, நன்றாக ஊறவிட்டு, உள்ளே தள்ளினார்கள். லேப்டாப் அதை வெளியே துப்பியது. துடைத்துப் போட்ட பிறகும் எழுத்து வரவில்லை.

வேறு வழியில்லாமல், ஊருக்கே போட்டுக் காட்டப்போகிறேன் என்று சாக்குச் சொல்லி மகனிடம் யோசனை கேட்டார்.

“எழுத்து படத்தோட ஒட்டியிருக்காதுப்பா, தனியா இருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி எந்த எழுத்து வேணும்னு கேக்கும். தமிழைத் தேர்ந்தெடுங்க.”

கேட்கத்தான் செய்தது. தமிழ், ஜப்பானியம், எதுவும் வேண்டாம் என்று மூன்று கட்டம் வந்தது. ஞானசிகாமணி தமிழுக்கு விரலைக் கொண்டுபோனார். பூவலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம சங்கத்துல வாக்கெடுப்பு இல்லாம எதையும் தேர்ந்தெடுத்திருக்கமா வே?”

இல்லைதான். ஞானசிகாமணியின் ஓட்டு தமிழுக்கு. சம்பந்தி மனம் நோகக்கூடாது என்று பூவலிங்கம் ஜப்பானியத்துக்குப் போட்டார். எந்தத் தீர்மானம் வந்தாலும் எதுவும் வேண்டாம் என்பதே கோமதிநாயகத்தின் வழக்கம். ஆளுக்கொரு ஓட்டு ஆகிவிட்டதால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ‘எதுவும் வேண்டாம்’ வந்தது. அதை அழுத்தினார்கள். படம் எழுத்தில்லாமல் வந்தது.

“தீர்மானத்துக்கு எப்படிக் கட்டுப்படுது பாத்தேரா!” என்று பூவலிங்கம் லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை மறுபடியும் யோசனை கேட்டபோது மகன் அலுத்துப்போனான். “எழுத்த மட்டும் தனி ஃபைலா அனுப்புதேன்ப்பா. படமும் அதுவும் ஒரே இடத்துல இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்கணும். டிவி தானா சேத்துக் காட்டிரும்.”

ஃபைல் வந்ததும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார்கள். படம் தெரிகிற இடம் டிவி. ஆகவே காகிதக் கட்டை டிவிக்கு அடியில் வைத்தார்கள். பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமே! காகிதத்தின் தலையில் ‘சம்பந்தி’ என்று எழுதி, டிவியின் நெற்றியிலும் ‘சம்பந்தி’ என்று எழுதினார்கள். பிறகு படத்தை ஓடவிட்டு, எழுத்து மேலே ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஞானசிகாமணியின் மனைவி செண்பகவல்லி தூசி தட்ட வந்தவள் காகிதத்தை எடுத்துப் புரட்டினாள். அவள் தோள் குலுங்கியது.

“ஏய், தொடாத! படத்துக்குப் போகவேண்டிய எழுத்து அது. நீ படிச்சுக் கொறச்சிராத.”

“ஏங்க, அவுக பேசினது பூரா இதுலயே இருக்கே.”

“இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? ஏற மாட்டேங்கு, அதுல்லா பிரச்சினை.”

அவள் காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இவருக்கோ அழுகை வந்தது. பொழுது விடிந்தால் மேடை ஏறியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி பட்டு வேட்டியில் வந்து மைக்கைப் பிடித்தார். மருமகனிடம் படித்துக்கொண்டு வந்த தமிழில், அட்சரம் பிசகாமல் நிதானமாகப் பேசினார்.

“வணக்கம். என் சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.”

முன்வரிசையில் மூன்று தலைகள் ஒருசேரக் குனிந்தன. ஆறு கண்களும் அவருடைய வேட்டிக் கரையில் நின்றன.

“என் மருமகன் பெரிய புத்திசாலி. இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று அறிய, அவர் அப்பாவோடு வீடியோவில் பேசினேன். தெரியவில்லை. பிறகு அம்மாவோடு பேசினேன். தெரிந்துகொண்டேன்.”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசிகாமணி மட்டும் வேட்டிக் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடிக்கொண்டிருந்தார். எதையோ கீழே போட்டுவிட்டோமோ என்று சம்பந்தியும் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

மைக் ஞானசிகாமணியின் கைக்கு வந்தது. அவர் எழுந்து நின்றார்.

“சம்பந்தி மன்னிக்கணும். உங்கள ஜப்பான்லேருந்து மாத்திக் கொண்டாரும்போது எழுத்து விட்டுப்போச்சு. ஒரு நட போய் எடுத்துட்டு வந்துருங்க, பதில் சொல்லிருதேன்.”