ஜமீன்தார் தட்டிய கை

மாம்பாறை ஜமீன்தாருக்கு ஆனைக்குட்டி உடம்பு. பூதமும் குட்டையனும் மோதும் தோல்பாவைக் கூத்து ஆட்ட வந்த செம்பாயியிடம் அவர் கறாராகச் சொன்னார்: "பிறவிப் பலசாலி பூதத்துக்குத்தான் கைதட்டல் விழணும். குட்டையனுக்கு ஒரு தட்டு விழுந்தாலும் உன் பாவைப்பெட்டி அடுப்புக்குப் போயிடும்."

அவர் தட்டாமல் அந்த ஊரில் எவனும் தட்ட மாட்டான். செம்பாயிக்கு அது தெரியும். "ஆகட்டும் சாமி" என்று திரைக்குப் பின்னால் போனாள்.

பூதம் குத்தியது, குட்டையன் உருண்டான். எழுந்தான்; மறுபடியும் அதே குத்து. மூன்றாம் குத்துக்கு ஜமீன்தார் கொட்டாவி விட்டார். கீழே கிடந்த குட்டையனோ பூதத்தின் காலையே பார்த்தான். குத்தும்போதெல்லாம் இடது காலைத் தூக்குகிறதே! நாலாம் குத்துக்குக் குனிந்தான், ஊன்றியிருந்த வலது காலை வாரிவிட்டான். பூதம் மல்லாந்தது.

"அப்படிப் போடுறா!" என்று துள்ளி எழுந்து கைதட்டினார் ஜமீன்தார். ஊரே தட்டியது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "எடுங்கடா பெட்டியை!"

செம்பாயி திரையை விலக்கி நிமிர்ந்து நின்றாள்.

"எடுக்கட்டும் சாமி. முதல்ல தட்டின கையையும் சேர்த்து அடுப்புல வைக்கச் சொல்லுங்க. பூதம் பிறந்த பலத்துல அடிச்சுது, நீங்க கொட்டாவி விட்டீங்க. இவன் விழுந்து விழுந்து கத்துக்கிட்டு அடிச்சான், உங்களால உட்கார முடியல. இப்ப உட்காருங்க, ஆட்டம் பாக்கி இருக்கு."

ஜமீன்தார் உட்கார்ந்தார்.