பொந்துக்குள் ஓர் உண்ணாவிரதம்

மலைக்காட்டில் ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. கழுகு ராஜா அத்திப்பழம் தின்னமாட்டார். ஆனாலும், "இந்த மரம் எனக்குச் சொந்தம். யாரும் பழத்தைத் தொடக்கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

"நீங்க தின்னாத பழத்துக்கு எதுக்குக் காவல்?" என்று நேருக்கு நேர் கேட்டான் வேங்கையன். அவன் ஓர் இருவாச்சிப் பறவை. பழம் தின்னும் பறவைகளுக்கெல்லாம் அவன்தான் தலைவன். கேட்ட மறுநிமிஷமே ராஜாவின் பருந்துக் காவலர்கள் அவனைப் பிடித்து ஒரு மரப்பொந்தில் தள்ளினார்கள். வாசலைச் சேற்றால் பூசிவிட்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டார்கள்.

அவன் மனைவி தாழைக்குப் பொந்து புதிதல்ல. முட்டையிடும் காலத்தில் இருவாச்சிப் பெண்கள் பொந்துக்குள் போய் இப்படித்தான் வாசலை அடைத்துக்கொள்வார்கள். குஞ்சு வளரும்வரை கணவன்தான் வெளியிலிருந்து ஊட்டுவான். இப்போது அவள் முறை. எங்கெங்கோ அலைந்து ஆலம்பழமும் நாவல்பழமும் கொண்டுவந்து ஊட்டினாள். காவல் பருந்துகள் கண்டுகொள்ளவில்லை.

பொந்து இருந்த மரத்தடியில் கூட்டம் கூடியது. "தலைவர் வாழ்க!" என்று கிளிகளும் மைனாக்களும் கத்தின. கூட்டத்தைப் பார்த்துக் கழுகு ராஜாவுக்குக் கலக்கம். "இப்போ இவனை வெளியே விட்டா நம்ம கதி என்ன ஆகுறது? உள்ளேயே கிடக்கட்டும்!" என்றார்.

ஒருநாள் துணைத்தலைவன் கரியப்பன் வந்தான். அவன் காகம். "அண்ணி, இனிமே பழம் கொண்டு வராதீங்க. தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கார்!"

"அப்படியா? என்கிட்ட அவர் சொல்லவே இல்லையே!"

"அவர்கிட்டயே இன்னும் சொல்லல அண்ணி. கூட்டத்துல அறிவிச்சாச்சு!"

"அவர் செத்துப்போயிட்டார்னா?"

"காடே கொந்தளிக்கும்! அவர் பேரு என்னைக்கும் நிலைக்கும்!" கரியப்பனின் குரல் தழுதழுத்தது. அடுத்த தலைவர் யார் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

தாழை பிளவருகே போனாள். வேங்கையனுக்கும் சேதி எட்டியிருந்தது. "அறிவிச்சுட்டாங்க தாழை. இனிமே சாப்பிட்டா மானம் போயிடும். எனக்குப் பசிக்கல. நீ போ."

அவளுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. "பொந்துக்குள்ள இருக்கிறவங்க பசிக்கலன்னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அலைஞ்சு அலைஞ்சு உங்க றெக்கை ஓய்ஞ்ச நாள்ல நானும் அப்படித்தான் சொன்னேன். நீங்க கேட்டீங்களா? வாயைத் திறங்க!"

அவன் திறந்தான். அவள் மறைத்து ஊட்டவில்லை. பட்டப்பகலில், கூட்டத்தின் கண்ணெதிரே ஊட்டினாள்.

"துரோகி! தலைவர் மானத்தை வாங்கிட்டாளே!" என்று கரியப்பன் கத்தினான். கிளிகளும் அதையே கத்தின.

"உண்ணாவிரதம் இருக்கணும்னா நீங்க இருங்க!" என்றாள் தாழை. யாரும் இருக்கவில்லை. எல்லோருக்கும் இரை தேடும் நேரம் ஆகிவிட்டதாம். ஒவ்வொருவராய்க் கலைந்தார்கள். அதன்பிறகு அவளோடு யாரும் பேசவில்லை. அவள் மட்டும் பழத்தோடு தினமும் வந்தாள்.

ஒரு காலையில் கழுகு ராஜா மரத்தடியைப் பார்த்தார். ஒரு குருவிகூட இல்லை. "ஆளில்லாத தலைவனுக்கு எதுக்கு ஜெயில்? பருந்துங்களுக்கு வேற வேலை கிடக்கு. உடைச்சு விடுங்க!" என்றார்.

வேங்கையன் வெளியே வந்தான். சேதி கேட்டுக் கூட்டம் பறந்து வந்தது. எல்லோருக்கும் முன்னால் கரியப்பன் நின்றான். "தலைவரின் உண்ணாவிரதம் வென்றது!" என்று முழங்கினான்.

"வென்றது! வென்றது!" என்றன கிளிகள், பார்த்ததையெல்லாம் மறந்து.

தலையாட்டினால் போதும், காடே அவனைக் கொண்டாடும். தாழை மட்டும் துரோகியாகவே இருந்துவிடுவாள். தலையாட்டிவிடுவான் என்றுதான் அவளும் நினைத்தாள்.

"நான் ஒருநாள்கூடப் பட்டினி கிடக்கல!" என்றான் வேங்கையன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ ஊட்டினா, நான் தின்னேன். அதனாலதான் உயிரோட நிக்கிறேன்!"

கிளிகளுக்கு எதைத் திருப்பிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒருவன் புகழுக்காகக் கத்துகிற ஆயிரம் பேரைவிட, அவன் உயிருக்காகக் கெட்ட பெயரைச் சுமக்கிற ஒருத்தியே உண்மையான துணை.